ஷிப்ட் முடியும்வரை அதே புடவை

ஒரு மணிச் செய்தியில் மூன்றாவது செய்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போது கயற்கண்ணிக்கு முதுகு அரித்தது. மைக்கின் பேட்டரிப் பெட்டியை இடுப்பில் செருகியிருந்த இடத்துக்குச் சற்று மேலே, கை எட்டும், ஆனால் எட்டவிடக் கூடாத இடம். காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு செய்தி வாசிப்பவள் முதுகைச் சொறிய முடியுமா? அடுத்த நிமிஷமே அதைத் தனியாக வெட்டி எடுத்து, பாட்டு சேர்த்து, ஊரெல்லாம் சிரிக்க விட்டுவிடுவார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாய் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தது. எதிரே காமிராவின் முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியில் எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறின, கண் அவற்றை எடுத்து வாயிடம் கொடுத்தது, வாய் அதை ஊருக்குக் கொடுத்தது. நடுவில் கயற்கண்ணி என்று ஒருத்தி தேவைப்படவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குள் போய்விட்டுத்தான் வெளியே வரும். பஸ் கவிழ்ந்த செய்தியைப் படித்துவிட்டு மேக்கப் அறையில் போய் மூக்கைச் சிந்தியவள் அவள். அது எப்போது நின்றது என்று யோசித்தால் பிடிபடவில்லை. ஒரு நாளில் நின்றிருக்காது. இப்போதெல்லாம் வீட்டுக்குப் போனதும் அவள் கணவர், "இன்னிக்கு என்ன செய்தி?" என்று கேட்டால் அவளுக்கு உண்மையாகவே தெரியாது. "தெரியலைங்க" என்பாள். அவர் சிரிப்பார். அவர் வேறு சேனல் பார்ப்பவர். அவர் சேனலில் நடக்கும் நாடும் இவள் சேனலில் நடக்கும் நாடும் வேறு வேறு. இரண்டு பேரும் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுவதோடு சரி. நாலாவது செய்தி அணையின் நீர்மட்டம். அடி, கனஅடி. இந்த எண்களை நாக்கு பிசகாமல் சொல்லுவதற்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள், இன்றும் அதில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் இன்றைக்கு வாயைத் தன் பாட்டுக்கு விடக் கூடாது. இன்றைக்கு மட்டுமாவது கூடவே உட்கார வேண்டும். அமலாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அமலா, முழுப் பெயர் அமலோற்பவம், கீழ் வீட்டில் இருப்பவள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கயற்கண்ணிக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது டியூட்டி முடிந்து வந்து, யூனிபார்ம் கூட மாற்றாமல், கையில் ஊசி குத்தித் தலைமாட்டில் உட்கார்ந்து குளுக்கோஸ் பாட்டில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டவள். போன வாரம் அவள் வார்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். வார்டு முழுக்க நோயாளிகள், தரையிலும் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், நர்ஸ் ஒருத்தி. டாக்டருக்கு மூன்று முறை போன் பண்ணியிருக்கிறாள், அவர் வேறொரு கேஸில் இருந்திருக்கிறார். பெரியவரின் மகன் அதை வீடியோ எடுத்தார். எடுத்ததில் அமலா போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது. 'நோயாளி துடிக்க, செல்போனில் அரட்டை.' நேற்று எட்டு மணி விவாதத்தில் அதை நடத்தும் பரணிதரன் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டான். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், "அந்த அம்மா யாருக்குப் போன் பண்ணாங்கன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டதும், "நீங்க யார் பக்கம் சார்? சாவு பக்கமா?" என்று ஒரு போடு போட்டான். விசாரிக்க என்ன இருக்கிறது? சேனல் முதலாளி புறவழிச் சாலையில் ஏழு மாடிக்கு ஆஸ்பத்திரி கட்டுகிறார், தை மாதம் திறப்பு விழா. இந்த மாதம் முழுவதும் சேனலில் அரசு ஆஸ்பத்திரி என்றால் எலியும் நாயும் சாவும்தான். சேனலில் இது தெரியாதவர்கள் இல்லை, சொல்பவர்களும் இல்லை. கயற்கண்ணி உள்பட. இன்று காலை லிப்டுக்குப் பக்கத்தில் அமலா நின்றிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கிப்போய், தலை கூட வாராமல். சண்டைக்கு வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அக்கா, யாரு வேணா என்ன வேணா சொல்லட்டும். நீங்க மட்டும் உங்க வாயால அதப் படிக்காதீங்க. ஊர்ல எங்க அம்மாவுக்கு நேத்து விவாதம் அது இது எல்லாம் தெரியாது, அவங்க பாக்கிறது உங்க செய்தி ஒண்ணுதான். நீங்க சொல்லிட்டா அவங்க நம்பிருவாங்க." கயற்கண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் படிக்க மாட்டேன் அமலா" என்றாள். சொன்ன விதம் நன்றாகத்தான் இருந்தது. நம்பும்படி சொல்லுவது அவளுக்குக் கைவந்த வேலை.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவள் முயற்சி எடுக்காமலும் இல்லை. வந்ததும் வராததுமாக விஜயராகவனிடம் போனாள். புரொட்யூசர். அவனுடைய முதல் நாளில் இவள்தான் கேண்டீனுக்கு வழி காட்டினாள். "அந்த நர்ஸ் செய்தி ஒரு மணில இருக்கா விஜய்?" "இல்ல மேடம். அத சாயந்திரத்துக்கு வச்சிருக்காங்க, பரணி ஷோவுக்கு முன்னால சூடா போகணும்னு." "ரெண்டு மணிக்கு?" "இதுவரைக்கும் இல்ல மேடம்." அவளுடைய ஷிப்ட் இரண்டரைக்கு முடிந்துவிடும். சாயந்திரம் வேறு பெண் படிப்பாள். படிக்கட்டும். அவள் வாயால் இல்லை, அவ்வளவுதானே கேட்டாள் அமலா? செய்தியை நிறுத்து என்று அவள் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அமலாவுக்கே தெரிந்திருக்கிறது. நினைத்தபோது மனசு இளகியதா என்றால் இல்லை, பல் பிடுங்குவதற்கு மரத்துப்போக ஊசி போட்ட ஈறு மாதிரி, தொட்டால் தொடுவது தெரிகிறது, வலி தெரியவில்லை. ஐந்தாவது செய்தி. கூட்டணி. இதற்குப் பின்னால் திம் திம்மென்று மத்தளம் மாதிரி ஒரு சத்தம் விடுகிறார்கள், காதுக்குள் இருக்கும் கருவியில் அதுவும் சேர்ந்து கேட்கிறது. முன்பு செய்திக்குப் பின்னால் சத்தம் கிடையாது. முன்பு 'என்று போலீஸ் தரப்பில் கூறப்படுகிறது' என்று முடியும். விசாரணை நடந்து வருகிறது என்று முடியும். அந்த வால்களையெல்லாம் ஒரு நாள் வெட்டிவிட்டார்கள், வேகம் குறைகிறதாம். 'கூறப்படுகிறது' போனதும் எல்லாம் நடந்ததாகவே ஆகிவிட்டது. அவள் எதிர்ப்புச் சொன்னாளா? சொன்னாள் என்றுதான் ஞாபகம். ஒரு மீட்டிங்கில் சொன்னாள், எல்லோரும் காபி குடித்தார்கள். புதிதாக வந்த ஒரு ரிப்போர்ட்டர் பையன் படியில் அவளை நிறுத்தி மரியாதையாகவே சொன்னான், "செய்திய யாரு மேடம் பாக்குறா? அது நம்ம ஷோவுக்கு டிரெய்லர்." தெருவில் பரணிதரனோடு படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். இவளைப் பார்த்தால், "நீங்க டிவில வருவீங்கல்ல?" என்பதோடு நகர்ந்துவிடுகிறார்கள். அதில் அவளுக்குப் பொறாமை இருந்தது. இருந்ததை ஒப்புக்கொள்ளக்கூட இப்போது சோம்பலாக இருக்கிறது. மாம்பழ மஞ்சள் புடவையின் முந்தி தோளில் சரியாமல் ஊக்கு குத்தியிருக்கிறது, அந்த ஊக்கும் உறுத்துகிறது. ஷிப்ட் முடியும்வரை புடவையை மாற்றக் கூடாது, பொட்டை மாற்றக் கூடாது, பூ வைத்தால் கடைசிவரை வைத்திருக்க வேண்டும். ஒரு மணிக்குப் படித்ததை வெட்டி இரண்டு மணிக்கு ஒட்டிக்கொள்ளலாம், வித்தியாசம் தெரியாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அன்று அவள் சந்தோஷப்பட்டாள், ஒரு நாளுக்கு ஒரு புடவை போதும், இஸ்திரி மிச்சம்.

அமலாவின் அம்மாவை அவள் பார்த்திருக்கிறாள். கடலோரத்துக்காரி, உடன்குடிக்கு அந்தப் பக்கம். மகளைப் பார்க்க வந்தபோது லிப்டில் இவளைக் கண்டதும் அந்தம்மாள் திகைத்துப்போய், கையை நீட்டி இவள் கன்னத்தைத் தொட்டாள். மீன் வெட்டித் தடித்த விரல்கள். "நீங்கதானா? என் மவனத் திருப்பித் தந்த மவராசில்லா நீங்க!" என்றாள். கயற்கண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அமலாதான் சொன்னாள். ஒரு புயலின்போது அவள் தம்பி போன படகு திரும்பவில்லை. காலைச் செய்தியில் கயற்கண்ணி படித்திருக்கிறாள், படகு கவிழ்ந்துவிட்டது, அதில் இருந்தவர்கள் கதி தெரியவில்லை என்று. ஊரே கரையில் அழுதுகொண்டிருக்க, இந்தம்மாள் மட்டும் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லையாம். அடுத்த செய்தியில் அதே கயற்கண்ணி படித்திருக்கிறாள், முந்தைய செய்தியில் கூறியது தவறு, படகு வேறு ஊரில் கரை ஒதுங்கியது, அதில் இருந்தவர்கள் நலம், தவறான தகவலுக்கு வருந்துகிறோம். பெயர்களையும் படித்திருக்கிறாள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது, திருத்தம் படிப்பது. புரொட்யூசர் வந்து பக்கத்தில் நின்று, 'மேடம், இத மட்டும் நிதானமா படிங்க' என்பார். தப்புச் செய்தியைப் படித்த அதே வாய்தான் திருத்தத்தையும் படிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. அன்றிலிருந்து அந்தம்மாளுக்குக் கயற்கண்ணி சொன்னால் நடந்தது, சொல்லாவிட்டால் நடக்கவில்லை. காதில் விஜயராகவனின் குரல் ஏதோ சொன்னது, அப்படியே போங்க என்ற மாதிரி, அவள் லேசாகத் தலையாட்டினாள், அவன் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பான். அந்த விரல்கள் கன்னத்தில் பட்டபோது மீன்வாடை வந்ததா? வந்தது. பவுடர் வாசத்தோடு கலந்து வந்தது. அவள் முகத்தைச் சுளிக்கவில்லை, அது ஒரு நல்ல விஷயம். அந்தப் பெயர்களை அன்றைக்கு எப்படிப் படித்திருப்பாள்? ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் மூச்சு விட்டிருப்பாளா? அந்த ஞாபகத்தைத் தேடினாள். மகன் பிழைத்தான் என்று ஒரு தாய்க்குச் சொன்ன அந்த நேரம் தன்னிடம் எங்காவது மிச்சம் இருக்க வேண்டும். அழுதாளா, மேக்கப் அறையில் யாரிடமாவது சொன்னாளா? ஒன்றுமே கிடைக்கவில்லை. அந்தம்மாள் காப்பாற்றி வைத்திருப்பதை இவள் தொலைத்துவிட்டாள். கண்ணாடியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ஓடியது. அதற்குள் வானிலை வந்துவிட்டது. "நேயர்களுக்கு நன்றி, வணக்கம்" என்று கை கூப்பினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் முதல் வேலையாக முதுகைச் சொறிந்தாள்.

மேக்கப் அறையில் செல்லக்கிளி பவுடரைத் தட்டிக்கொண்டே, "பத்திக்கிட்டு வந்துச்சுக்கா" என்றாள். யாரைச் சொல்லுகிறாள் என்று தெரியாமல் கயற்கண்ணி கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தாள். "அந்த நர்ஸுதான். நேத்து பரணி சார் கத்துனப்ப, இவரு எப்பவும் கத்துறவருதானேன்னு விட்டுட்டேன். இன்னிக்கு நீங்க சொல்றப்பதான், அடிப்பாவின்னு இருந்துச்சு. என் மாமியாரப் போன வருசம் அங்கதான் வச்சிருந்தோம். நீங்க என்னமா படிச்சீங்க, லேசாத் தலையச் சாச்சு..." கயற்கண்ணி, "எந்த நர்ஸு?" என்றாள். செல்லக்கிளி சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்தாள். சுவரில் இருந்த டிவியில் விளம்பரம் முடிந்து, சற்று முன் போனதே திரும்ப ஓடியது, மாம்பழ மஞ்சள் புடவையில் ஒரு பெண் வந்தாள். நோயாளி உயிருக்குத் துடித்துக்கொண்டிருக்க, செல்போனில் அரட்டையடித்த கொடூரம். பெயரையும் சொன்னாள். அமலோற்பவம், ற-வும் ப-வும் ஒன்றையொன்று மிதிக்காமல், அந்தப் பெயரை இதைவிட அழகாக ஒருவராலும் சொல்ல முடியாது. தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது, துக்கச் செய்திக்குச் சாயும் அளவு. கயற்கண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். இது எப்போது என்று தேடினாள். அந்த மீன்வாடைக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் எங்கோ. கண் எடுத்துக் கொடுத்திருக்கிறது, வாய் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அவள் அப்போது அந்தம்மாளின் விரல்களை நினைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. "இந்தப் பக்கம் திரும்புங்கக்கா" என்றாள் செல்லக்கிளி. திரும்பினாள்.

போன் அதிர்ந்தது. அமலா. எடுக்காமல் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது, அதற்குள் விரல் எடுத்துவிட்டது. "அமலா..." என்றாள். அவள் திட்டும் குரலில் இல்லை, வார்டில் நோயாளியின் நிலைமையைச் சொல்லுகிற குரலில், "அம்மா போன் பண்ணாங்கக்கா" என்றாள். "என்ன சொன்னாங்க?" "'ஏளா, நெசத்தச் சொல்லு, நீ என்ன செஞ்ச? அந்தம்மா பொய் சொல்லமாட்டாவளே'ன்னாங்க." கயற்கண்ணி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். வாயில் 'வருந்துகிறோம்' என்ற வார்த்தைதான் தயாராக இருந்தது, அதை விழுங்கினாள். எனக்கே தெரியாமல் படித்துவிட்டேன் என்று சொன்னால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? அமலா தொடர்ந்தாள், "நான் எவ்வளவோ சொன்னேன், டாக்டருக்குத்தாம்மா போன் பண்ணேன்னு. அதுக்கு அவங்க, 'இரு, தப்பா இருந்தா அடுத்த செய்தில அவுவளே மாத்திச் சொல்லிருவாவ, தம்பிக்குச் சொன்ன மாதிரி'ங்கிறாங்க. ரெண்டு மணிக்கு டிவி முன்னால உக்காந்திருப்பாங்கக்கா." போனை வைத்தது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவள் விஜயராகவனைத் தேடிப் போனாள். "விஜய், இல்லைன்னு சொன்னியே?" "நடுவுல மேல இருந்து போன் வந்துச்சு மேடம், செருகச் சொல்லி. காதுல சொன்னேனே, அப்படியே போங்கன்னு. நீங்க தலையாட்டினீங்க." தலையாட்டினாள்தான். "ஒரு திருத்தம் போடலாமா? அவங்க டாக்டருக்குத்தான் போன் பண்ணாங்க. எனக்குத் தெரிஞ்ச பொண்ணு." அவன் அவளைக் கனிவோடுதான் பார்த்தான். அவன் கெட்டவனில்லை, அவனுக்கு இரண்டு குழந்தைகள். "திருத்தமா? நாம போட்டு எத்தனை வருசம் ஆச்சு மேடம்? ரெண்டு மணிக்கு அதுதான் முதல் செய்தி. உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க, வேற யாரையாவது..." வேறு ஆள் இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும். "நான் உக்கார்றேன்" என்றாள்.

இரண்டு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்னிசை முடிந்தது. வணக்கம் சொன்னாள். கண்ணாடியில் எழுத்து ஏறி வந்தது, நோயாளி உயிருக்கு. முதுகு அரிக்கவில்லை, ஊக்கு உறுத்தவில்லை. கடற்கரை ஊரில் ஒரு வீட்டில் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு மகள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, இந்த முகத்தின் மேல் அதைவிட நம்பிக்கை. டாக்டருக்குத்தான் போன் பண்ணினாள் என்று சொன்னால் போதும். மூன்றே வார்த்தை. கண்ணாடியில் அந்த வார்த்தைகள் இல்லை. கண்ணாடியில் இல்லாததைச் சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை, தொண்டையில் அதற்கு வழியே தூர்ந்துபோயிருந்தது. ஆனால் கண்ணாடியில் இருந்ததையும் வாய் வாங்கவில்லை. அவள் தீர்மானம் எதுவும் எடுக்கவில்லை. வாய் மூடியிருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அது தன் பாட்டுக்குப் போகாமல், என்ன செய்ய என்று அவளைக் கேட்ட மாதிரி இருந்தது. எழுத்துகள் காத்து நின்றன. காதில் விஜயராகவன், "மேடம்?" என்றான். "மேடம், போலாம்... மேடம், லைவ்ல இருக்கோம்." ஸ்டூடியோவில் குளிர்சாதனத்தின் உறுமல் கேட்டது. அது இவ்வளவு சத்தமா? அந்தம்மாளுக்கு இந்த மௌனம் போய்ச் சேருமா, மாத்திச் சொல்ல வந்து சொல்ல முடியாமல் நிற்கிறாள் என்று புரியுமா, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் இப்படியே இருந்தால் போதும், புரிந்துவிடும், தாய்க்குப் புரியாதா. காதில் அவன் வேறு யாரிடமோ பேசினான், பதறாமல், வேலை தெரிந்தவனின் குரலில். "ஒரு மணிது இருக்குல்ல? அதையே போடு."

பக்கவாட்டுத் திரையில் மாம்பழ மஞ்சள் புடவைக்காரி வந்தாள். அதே பொட்டு, அதே ஊக்கு, அதே முந்தி. நோயாளி உயிருக்குத் துடித்துக்கொண்டிருக்க என்று தொடங்கினாள். ஒட்டின இடம் தெரியவில்லை. வணக்கம் சொன்னவள் ஒரு மூச்சு எடுத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினாற்போலத்தான் இருந்தது, அந்த மௌனத்தையும் துக்கச் செய்திக்கு முன் விடுகிற மூச்சாகவே எடுத்துக்கொள்ளலாம். கயற்கண்ணி விளக்குகளுக்குக் கீழே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, தான் படிப்பதைக் கேட்டாள். முதல் தடவையாக முழுவதும் கேட்டாள், ஒரு வார்த்தை விடாமல். நன்றாகத்தான் படித்தாள். நம்பும்படி இருந்தது. அமலோற்பவம் என்ற பெயர் இரண்டாவது தடவையாகத் தெளிவாக, அழகாக, உடன்குடிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போயிற்று. தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. "ஒண்ணும் ஆகல மேடம்," என்றான் விஜயராகவன், ஆறுதலாக. "யாருக்கும் ஒண்ணும் தெரியல. அடுத்தது அணை, நீங்களே வாங்க." சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடியில் நீர்மட்டம் ஏறி வந்தது. கயற்கண்ணி வாயைத் திறந்தாள்.